நோன்பும் நாள் வேலையும்

ரம்ஜான் பிறையைக் கண்ட இரவு முதல் பெருநாள் பிறையைக் காணும் மாலை வரையில், நம் நாட்டிலுள்ள கோடிக்கணக்கான முஸ்லிம் சகோதரர்கள் பகற்பொழுது முழுதும் அன்னமும் ஜலமும் இன்றி நோன்பிருக்கிறார்கள். இதனை அறியாதவர் நம் நேயர்களில் ஒருவரும் இரார். ஆனால், அங்ஙனம் நோன்பிருப்பவன் அன்று எத்தனை மணிக்கு எழுந்தான், எத்தனை மணி நேரம் உழைத்தான், தொழுகைக்கு எப்பொழுது போனான், சூரியன் மறைந்த வேளையில் எங்கே நின்று நோன்பைத் திறந்தான் என்பவற்றை நம்மில் எத்தனை பேர் யோசித்திருக்கிறோம்? பெருநாளன்று அவன் வீட்டு விருந்தை உண்டு வாழ்த்துச் சொல்லிவிட்டால் நம் சிநேகக் கடமை தீர்ந்ததென்று எண்ணி விடுகிறோம்.

நோன்பு மனிதனுக்கும் இறைவனுக்கும் இடையிலுள்ள விஷயம். அதில் நமக்குப் பேச்சில்லை. வேலையோ அப்படிப்பட்டதன்று. வேலை நேரத்தை நிர்ணயிப்பவர் சர்க்காரும் முதலாளியும் மேலதிகாரியும். ஆகையால் நோன்பும் வேலையும் சந்திக்கும் இடம் பொது விஷயமாகி விடுகிறது. அவ்விடத்தில் நாம் சொல்ல விரும்புவது ஒன்றே. நோன்பாளிக்கு வேண்டுவது தயவன்று, வேலைக் குறைப்புங்கூட அன்று. நேரத்தை மாற்றி வைக்கும் ஒரு கிரமமே அவனுக்கு வேண்டுவது. அந்தக் கிரமம் மேஜையின் முன் உட்கார்ந்திருப்பவனுக்குக் கிடைக்கத் தொடங்கியிருக்கிறது. வெயிலில் உழைப்பவனுக்கும், வீட்டில் இருந்தபடியே கூலிக்கு உழைப்பவளுக்கும் இன்னும் கிடைக்கவில்லை.

முதலில் நோன்பின் நேரக் கணக்கைத் தெரிந்து கொள்வோம். கீழ்வானத்தில் விடியலின் வெளுப்பு தோன்றும் வேளை முதல் சூரியன் மறையும் வரையில் நோன்பு. சென்னையில் மார்ச்சு மாதத்தில் இது காலை சுமார் ஐந்து மணி முதல் மாலை ஆறேகால் வரையில், அதாவது 13 மணிக்குச் சற்று மேற்பட்ட நேரமாகும். நம் நாட்டுக் கோடையில் 14 மணிக்கு வரும். லண்டன் நகரில் ஜூன் மாதத்தில் நோன்பு வந்தால் சுமார் 18 மணி நேரம் பொறுத்திருக்க வேண்டும். ரம்ஜான் சந்திரமான மாதமாதலால் வருஷந்தோறும் பத்து பதினொரு நாள் முன்னேறி வந்து, சுமார் 33 வருஷங்களில் எல்லாப் பருவங்களையும் சுற்றி விடுகிறது. 2018-ம் வருஷத்தில் மே மாத நடுவில், அக்கினி நட்சத்திரத்து வெயிலில் நோன்பு தொடங்கியது. 2026-ல் பிப்ரவரி மாதத்துக்கு வந்துவிட்டது. 2030-ம் வருஷத்தில் ஜனவரியில் ஒரு முறையும் டிசம்பர்க் கடைசியில் மற்றொரு முறையுமாக ஒரே வருஷத்தில் இருமுறை வரப்போகிறது. ஆகவே இன்று குளிர்ந்த காலத்தில் வருகிறதே என்று அலட்சியம் செய்வதற்கில்லை. இப்போது வாலிபனாயிருக்கும் தொழிலாளி வயோதிகனாகும் காலத்தில் நோன்பு மீண்டும் கோடைக்கு வந்துவிடும்.

அடுத்து, தொழுகையின் நேரம். ஐவேளைத் தொழுகை என்றவுடன், மணி அடித்த க்ஷணத்தில் வேலையைப் போட்டுவிட்டு ஓடவேண்டும் என்று பிற மதத்தவர் பலர் நினைத்துக் கொள்கிறார்கள். அது சரியன்று. ஒவ்வொரு தொழுகைக்கும் ஒரு வக்து, அதாவது தொடக்கமும் முடிவுமுள்ள ஒரு காலப்பகுதி உண்டு. லுஹர் என்னும் நடுப்பகல் தொழுகையின் வக்து உச்சி சாய்ந்தது முதல் பிற்பகல் மூன்று மணி வரையிலேனும் நீளும். அதன்பின் வரும் அஸர் தொழுகையின் வக்து சூரியன் மறையும் வரையில் இருக்கிறது. அது தொடங்கும் நேரத்தில் ஷாபி மார்க்கத்தாருக்கும் ஹனபி மார்க்கத்தாருக்கும் சுமார் ஒரு மணி வித்தியாசமுண்டு. பள்ளிவாசலில் கூடித் தொழுவது சிறப்பெனினும், பள்ளிவாசல் தூரத்திலிருந்தால் சுத்தமான ஓரிடத்தில் தனித்துத் தொழவும் தடையில்லை. வேலை நேரத்துக்குள் விழுபவை இவ்விரண்டு தொழுகைகளே. கைகால் அலம்பி ஒளுச் செய்து தொழுது திரும்ப ஒவ்வொன்றுக்கும் கால் மணி போதும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ ஒன்றுக்கு மாத்திரம் ஒரு மணி நேரம் வேண்டும்.

இனி வரவு செலவைப் பார்ப்போம். மற்ற மாதங்களில் ஒரு தொழிலாளி நடுப்பகல் உணவுக்காக அரை மணியோ ஒரு மணியோ எடுத்துக் கொள்கிறான். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை தேநீருக்குப் போகிறான். புகை குடிப்பவனாயின் இன்னும் சில தடவை வெளியே போகிறான். நோன்பு மாதத்தில் இவையெல்லாம் நின்று விடுகின்றன. அவன் கேட்பது இரண்டு கால் மணியும், மாலையில் வீடு சேர ஓர் அரை மணியுமே. கணக்கைக் கூட்டிக் கழித்துப் பார்த்தால், நோன்பாளி முதலாளிக்குக் கடன்படவில்லை என்பது விளங்கும். அவன் உபயோகிக்காமல் விட்ட உணவு வேளை அவனுக்கே சொந்தம். அதனை மாலையில் திருப்பிக் கொடுப்பது தர்மமன்று, நியாயம். 1948-ம் வருஷத்துப் பாக்டரிச் சட்டம், ஐந்து மணி நேரத்துக்குமேல் தொடர்ந்து வேலை வாங்காமல் இடையில் அரை மணியாவது இளைப்பாற விடவேண்டும் என்று விதித்தது. அந்த இளைப்பாறல் எல்லாத் தொழிலாளர்க்கும் உரியது. நோன்பாளி அதைத் தொழுகைக்கும், கண் மூடிச் சற்றுச் சாய்ந்திருப்பதற்கும் பயன்படுத்திக் கொள்கிறான். அவன் உண்ணவில்லையே என்பதற்காக அவ்வரை மணியிலும் அவனை வேலையில் பிடித்து வைப்பது அநியாயமாகும்.

இது நிற்க. நோன்பில் உண்மையான கஷ்டம் பசி என்று நினைப்பவர்கள் நோன்பிருந்து பாராதவர்கள். பசி மூன்று நான்கு நாளில் பழகிப் போகிறது. காப்பி, தேநீர்ப் பழக்கமுள்ளவர்க்கு வரும் தலைவலியும் முதல் வாரத்தோடு தணிந்து விடுகிறது. தணியாமல் நாளுக்கு நாள் ஏறுவது தூக்கக் கடன். தராவீஹ் தொழுகை முடிந்து வீடு சேர இரவு ஒன்பதரையாகிறது. உண்டு படுக்கப் பத்தரை, பதினொன்று. ஸஹர் உணவு சமைக்க வேண்டிய பெண் மூன்று, மூன்றரைக்கே எழுந்து விடுகிறாள். மற்றவர் நான்கு மணிக்கு எழுகிறார்கள். ஸுபுஹுத் தொழுகைக்குப் பின் ஒரு மணி நேரம் கண்ணயர முடிந்தவன் பாக்கியசாலி. ஐந்து மணித் தூக்கத்தோடு முப்பது நாள் உழைப்பவன் கடைசிப் பத்து நாளில் எப்படியிருப்பான் என்பதை நாம் விவரிக்க வேண்டியதில்லை. அப்பத்து நாளிலோ இரவு வணக்கம் மற்ற நாட்களைக் காட்டிலும் அதிகம்.

இந்தப் பாரம் எல்லோர் மேலும் ஒரே அளவாய் விழுவதில்லை. பத்து மணிக்குத் தொடங்கி மாலை ஐந்தே முக்காலுக்கு முடியும் சர்க்கார் கச்சேரியில் வேலை பார்க்கும் குமாஸ்தாவுக்கு நிழலும் நாற்காலியும் காற்றாடியும் உண்டு. அவருக்குள்ள கஷ்டம் மாலை அரை மணியில் நகரத்து நெரிசலைக் கடந்து வீடு சேர்வதே. அதற்கு ஒரு சிறு உத்தரவு போதும்.

வீடுதோறும் உணவுப் பொட்டலங்களைக் கொண்டு சேர்க்கும் இளைஞனின் நிலை வேறு. ஓட்டல்களில் வியாபாரம் சூடேறும் மாலை வேளையே அவனுக்குக் கூலி மிகுந்த வேளை. பிறர் உண்ண வேண்டிய உணவை முதுகில் சுமந்து கொண்டு, தான் பதின்மூன்று மணி நேரமாக ஒரு வாய் நீரும் குடியாமல், சிவப்பு விளக்கின் முன் நிற்கும்பொழுது பாங்கோசை கேட்கிறது. சட்டைப் பையிலுள்ள பேரீச்சம்பழம் ஒன்றை வாயில் போட்டுக் கொண்டு, பச்சை விளக்கு எரிந்ததும் வண்டியைக் கிளப்புகிறான். அவனுக்குக் கச்சேரி இல்லை, மேலதிகாரி இல்லை. கைப்பேசியில் தோன்றும் கட்டளையே அதிகாரி. எந்தச் சர்க்கார் உத்தரவு அவனுக்கு அரை மணி கொடுக்கும்?

மூன்றாவது, திருநெல்வேலி மேலப்பாளையம் போன்ற ஊர்களில் வீட்டிலிருந்து பீடி சுற்றும் முஸ்லிம் ஸ்திரீ. அவளுக்குக் கூலி மணிக் கணக்கில் அன்று. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்பது கணக்கு. நோன்பு மாதத்தில் ஸஹருக்குச் சமைப்பவளும் அவளே, நோன்பு திறக்கப் பண்டங்கள் செய்பவளும் அவளே, நோன்பிருப்பவளும் அவளே. இவற்றுக்கிடையில் தட்டை மடியில் வைத்துக் கொண்டு கழுத்துக் குனிந்து சுற்றிய பீடிக்குத்தான் பணம். அவள் ஒரு மணி இளைப்பாறினால் அந்த ஒரு மணியின் கூலி போயிற்று. நோன்பு மாதத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்வோர் இவளை நினைத்துப் பேசுவதை நாம் அதிகம் கேட்டதில்லை.

நோன்பும் வேலையும் மோதுகின்றன என்று கண்டவுடன் ஒன்றைத் தள்ளி மற்றதைக் கொள்ளப் பார்ப்பவர்கள் உண்டு. அப்படிச் செய்து பார்த்த தேசம் துனீசியா. சுதந்திரம் பெற்றுச் சில வருஷங்களே ஆகியிருந்த அந்நாட்டின் குடியரசுத் தலைவர் ஹபீப் புர்கீபா, 1960-ம் வருஷம் பிப்ரவரி மாதத்தில், தேசத்தின் வறுமையை எதிர்த்து உழைப்பதும் ஒரு புனிதப் போரே. அப்போரில் ஈடுபட்டவர்கள் நோன்பை விட்டுவிடலாம் என்ற கருத்தை ஜனங்கள் முன் வைத்தார். நோக்கம் தேசாபிமானமே. ஆனால் ஜனங்களில் பெரும்பாலோர் அதனை ஏற்கவில்லை. மார்க்க அறிஞர்கள் எதிர்த்தார்கள். அந்நாட்டில் நோன்பு இன்றளவும் நடந்து வருகிறது. மனிதனின் மனச்சாட்சிக்குள் உத்தரவைக் கொண்டு நுழைய எந்த அரசாங்கத்தாலும் முடியாது என்பதே இதிலிருந்து நாம் பெறும் பாடம்.

இதற்கு நேர் எதிரான தவறும் ஒன்று உண்டு. பகலை இரவாக்கி உறங்கி, இரவைப் பகலாக்கி விருந்துண்டு, கடை வீதியில் உலாவி, மாதம் முழுவதையும் வேலையற்ற மாதமாகக் கழிப்பது அது. செல்வர்க்கே இது சாத்தியம். ஹார்வார்டு சர்வகலாசாலையைச் சார்ந்த இரு பொருளாதார ஆசிரியர்கள் 2015-ம் வருஷத்தில் வெளியிட்ட ஆராய்ச்சியொன்றில், நோன்பின் பகல் நீளும் காலங்களில் முஸ்லிம் தேசங்களின் உற்பத்தி வளர்ச்சி குறைகிறதென்றும், அதே காலத்தில் அம்மக்களின் மனத்திருப்தி மிகுகிறதென்றும் கண்டார்கள். இதில் முதற்பாதியை மட்டும் எடுத்துக் கொண்டு நோன்பைப் பழிப்பவர்களும், இரண்டாம் பாதியை மட்டும் எடுத்துக் கொண்டு கணக்கை மறப்பவர்களும் ஒருங்கே பிழை செய்கிறார்கள். மனிதர் பொருளை இழந்தும் ஒன்றை விரும்பிச் செய்கிறார்களென்றால், அதனை அவர்கள் பொருளைவிட உயர்வாய் மதிக்கிறார்கள் என்பது பொருள். நல்ல ராஜ்ய நிர்வாகத்தின் வேலை, அந்த இழப்பை எவ்வளவு குறைக்கலாம் என்று பார்ப்பதேயன்றி, விருப்பத்தை அழிப்பதன்று.

இஸ்லாம் மார்க்கமே உழைப்பாளியின் கஷ்டத்தை அறியாததன்று. நோன்பை விதித்த குர்ஆன் வசனங்களே நோயாளிக்கும் பிரயாணிக்கும் விலக்களித்து, விட்ட நாட்களைப் பின்னர் நோற்று ஈடுசெய்யச் சொல்கின்றன. இறைவன் கஷ்டத்தையன்று, இலேசையே நாடுகிறான் என்பது அங்கே காணும் கருத்து. வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு வியாபாரத்தை நிறுத்தச் சொல்லும் இடத்திலேயே, தொழுகை முடிந்ததும் பூமியில் பரவிச் சென்று ஜீவனத்தைத் தேடுங்கள் என்ற கருத்தும் இருக்கிறது. 630-ம் வருஷத்தில் நபிகள் நாயகம் மக்கா நகரை நோக்கிச் சேனையுடன் புறப்பட்டது ரம்ஜான் மாதத்திலேயே. வழியில் அவர் தாமே நோன்பைத் திறந்து, உடன் வந்தவர்கள் தயங்காதிருக்கச் செய்தார் என்று ஹதீஸ் நூல்கள் கூறுகின்றன.

இதைவிட நம் விஷயத்துக்கு நெருங்கிய பிரமாணமும் ஒன்று உண்டு. 14-ம் நூற்றாண்டில் சிரியா தேசத்தில் வாழ்ந்த அத்ரஈ என்னும் சட்ட பண்டிதர், அறுவடை செய்யும் கூலியாட்களைப் பற்றித் தீர்ப்புக் கூறியிருக்கிறார். அவர்கள் ஒவ்வோர் இரவும் நோன்புக்கு நிய்யத்து வைத்தே தீரவேண்டும். மறுநாள் வேலையில் கடுமையான கஷ்டம் நேர்ந்தவன் நோன்பைத் திறந்து கொள்ளலாம். நேராதவன் திறக்கக்கூடாது என்பது அதன் சாரம். பண்டிதர் ஷாபி மார்க்கத்தவர். நம் கடற்கரையூர் முஸ்லிம்களில் பெரும்பாலோர் அனுசரிப்பதும் அம்மார்க்கமே. இத்தீர்ப்பில் எவ்வளவு நிதானம் இருக்கிறது, பாருங்கள்! கூலிக்காரனாதலால் நோன்பு வேண்டாமென்று அவனைத் தள்ளி விடவும் இல்லை; மயங்கி விழும்வரை பிடிவாதம் செய் என்று சொல்லவும் இல்லை. அவனுடைய உடம்பின் நிலையை அவனே அறிவான் என்று நம்பி, முடிவை அவன் கையில் விட்டிருக்கிறது. இந்தச் செய்தியை ஆலிம்கள் பள்ளிவாசல் மேடையிலிருந்து ஒவ்வொரு வருஷமும் முதல் ஜும்ஆவில் சொல்ல வேண்டும். கட்டடச் சாரத்தின் மேல் நிற்பவனும், உலையின் முன் வேலை செய்பவனும், சர்க்கரை வியாதிக்கு மருந்து உண்பவனும் வீண் வெட்கத்தால் உயிரைப் பணயம் வைக்காதிருக்க அது உதவும்.

அரசாங்கங்கள் என்ன செய்திருக்கின்றன? நம் தமிழ் மக்கள் லக்ஷக்கணக்கில் பிழைக்கச் சென்றிருக்கும் வளைகுடா நாடுகளில் சட்டமே வழி செய்திருக்கிறது. ஐக்கிய அரபு நாடுகளில் இம்மாதத்தில் வேலை நேரம் நாளொன்றுக்கு 2 மணி குறைக்கப்படுகிறது. நோன்பிருப்பவர், இராதவர் எல்லோர்க்கும் இது பொது. சவூதி அரேபியாவில் முஸ்லிம் தொழிலாளர்க்கு நாளொன்றுக்கு 6 மணி, வாரத்துக்கு 36 மணி என்பது வரம்பு. ஆனால் வீட்டு வேலை செய்வோர் இத்தொழிற் சட்டங்களுக்கு வெளியில், தனி விதிகளின் கீழ் இருக்கிறார்கள். இரவு விருந்துகள் மிகுந்த அம்மாதத்தில் அடுப்பங்கரையின் வேலை பெருகுமேயன்றிக் குறையாது. சட்டம் கச்சேரியில் நுழைந்து சமையலறை வாசலில் நின்றுவிடுவது அங்கும் இங்கும் ஒன்றாகவே இருக்கிறது.

நம் நாட்டில் இரு மாகாணங்களின் உதாரணங்களைச் சொல்லலாம். 2023-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில் பீஹார் சர்க்கார், தங்கள் முஸ்லிம் உத்தியோகஸ்தர்கள் நோன்பு மாதத்தில் ஒரு மணி முன்னதாக வந்து ஒரு மணி முன்னதாகப் போகலாம் என்று உத்தரவிட்டார்கள். 2025-ம் வருஷத்தில் தெலுங்கானா சர்க்கார், மார்ச்சு 2-ந் தேதி முதல் 31-ந் தேதி வரையில் முஸ்லிம் ஊழியர்கள் மாலை 4 மணிக்கே வீடு செல்லலாம் என்று அனுமதித்து, ஒப்பந்த ஊழியர்களையும் அதில் சேர்த்துக் கொண்டார்கள். இரு இடங்களிலும் ஆக்ஷேபணை கிளம்பிற்று. ஒரு மதத்தார்க்கு மட்டும் சலுகை ஏன், ஹிந்துக்களின் விரத காலங்களில் இது உண்டா என்று கேட்டார்கள்.

இக்கேள்வியைக் கேட்பவரையெல்லாம் துவேஷிகள் என்று ஒதுக்கி விடுவது சரியன்று. கேள்விக்குச் சமாதானம் சொல்ல வேண்டும். நமது அபிப்பிராயத்தில் பீஹார் முறையிலேயே அந்தச் சமாதானம் அடங்கியிருக்கிறது. ஒரு மணி முன்னே வந்து ஒரு மணி முன்னே போகிறவன் யாருடைய நேரத்தையும் எடுத்துக் கொள்ளவில்லை. பக்கத்து மேஜைக்காரர் அவனுடைய வேலையைச் சுமக்க வேண்டியதில்லை. இது சலுகையாகாது, நேரமாற்று. இம்மாற்று முஸ்லிம்களுக்கு மட்டும் என்றிராமல், சஷ்டி விரதம் இருப்பவர்க்கும், மாலையணிந்து சபரிமலை செல்பவர்க்கும், தவக்காலம் அனுஷ்டிக்கும் கிறிஸ்தவர்க்கும், கைக்குழந்தையை வீட்டில் விட்டு வந்திருக்கும் தாய்க்கும், முன்னறிவிப்புக் கொடுத்தால் கிடைக்கும் என்று பொது விதியாக்கி விட்டால் ஆக்ஷேபணைக்கு இடமேது? உண்மையில், ஏகாதசியன்று பட்டினி கிடந்து மறுநாள் துவாதசிப் பாரணை செய்யும் குடும்பத்தில் பிறந்தவனுக்கு, நோன்பென்பது இன்னதென்று யாரும் புதிதாய்ச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

இனி ஒவ்வொருவரும் செய்யக்கூடியவற்றைச் சுருக்கமாகச் சொல்லுவோம்.

முதலாளிகளுக்கு: நோன்பாளிகளின் கடினமான வேலைகளைக் காலையில் வைத்துக் கொள்ளுங்கள். உடலில் வலுவும் தெளிவும் உள்ள நேரம் அது. யந்திரத்தின் அருகிலும் உயரத்திலும் செய்யும் வேலையைப் பிற்பகல் மூன்று மணிக்கு மேல் அவர்களிடம் கொடாதிருங்கள். உணவு வேளையைச் சுருக்கி அந்த நேரத்தை மாலையில் விடுங்கள். சுத்தமான ஒரு சிறு இடமும் ஒரு குழாயும் போதும். தொழுகைக்காக ஆள் வெளியே போகவேண்டிய அவசியமே இராது. ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்துத் தோல் சாலைகளுக்கும் காலணிச் சாலைகளுக்கும் முஸ்லிம்களே பலர் முதலாளிகளாயிருக்கிறார்கள். தாங்கள் நோற்கும் நோன்பைத் தங்கள் கூலியாளும் நோற்கிறான் என்பது அவர்களுக்கு நன்கு தெரியும். வழிகாட்டும் கடமை அவர்களுக்கு இரட்டிப்பாகும்.

வீடுகளுக்கு உணவு அனுப்பும் கம்பெனிகளுக்கு: சூரியாஸ்தமன வேளையில் இருபது நிமிஷம் கட்டளை ஏற்காதிருக்கும் நோன்பாளிக்கு அபராதமோ கூலிக் குறைவோ வாராதபடி உங்கள் யந்திரக் கணக்கைத் திருத்துவது பெரிய காரியமன்று. கட்டளையிடும் நேயர்களும் அவ்வேளையில் கால் மணி பொறுத்தால் பசியால் வாடிவிடப் போவதில்லை.

பள்ளிவாசல் நிர்வாகிகளுக்கு: தமிழ்நாட்டுச் சர்க்கார் 2001-ம் வருஷம் முதல் நோன்புக் கஞ்சிக்காகப் பள்ளிவாசல்களுக்கு இலவசமாகப் பச்சரிசி கொடுத்து வருகிறார்கள். பச்சரிசியும் பருப்பும் வெந்தயமும் தேங்காய்ப் பாலும் சேர்ந்த அக்கஞ்சி, நாள் முழுதும் காய்ந்த வயிற்றுக்கு மருந்து போன்றது. அது பாத்திரம் கொண்டு வந்து வரிசையில் நிற்க நேரமுள்ளவனுக்கு மட்டும் கிடைப்பதாயிருத்தலாகாது. வண்டியோட்டிகள் நிற்குமிடத்திலும், ரயிலடியிலும், பஸ் நிலையத்திலும் ஒரு குவளைக் கஞ்சியும் இரண்டு பேரீச்சம்பழமும் ஆறேகால் மணிக்குத் தயாராயிருக்குமானால், அதுவே வேலைக்காரனின் பள்ளிவாசலாகும். தராவீஹ் தொழுகை நீண்டு நடக்கும் ஊர்களில், விடியலில் வேலைக்குப் போகிறவர்களுக்காகச் சீக்கிரம் முடியும் ஒரு ஜமாஅத்தும் நடத்தலாம்.

செல்வரான முஸ்லிம்களுக்கு: ஸகாத்து என்னும் இரண்டரை சதவிகித தர்மத்தைப் பெரும்பாலோர் இம்மாதத்திலேயே கணக்கிட்டுக் கொடுக்கிறீர்கள். பெருநாளுக்கு முந்திய தினத்தில் கொடுக்கும் பணம் ஒரு நாளைச் சந்தோஷத்துக்கு ஆகும். அதனை மாதத்தின் முதல் வாரத்தில் கொடுத்தால், பீடி சுற்றும் அம்மாது கடைசிப் பத்து நாளில் தினமும் இருநூறு பீடி குறைத்துச் சுற்றி, அந்த நேரத்தில் தூங்கவோ தொழவோ முடியும். அவளுடைய நேரத்தை அவளுக்கே வாங்கிக் கொடுத்த புண்ணியம் உங்களைச் சேரும்.

வீட்டு ஆண்மக்களுக்கு: ஸஹர் வேளையில் பெண்ணோடு நீங்களும் எழுந்து அடுப்பை மூட்டினால் நோன்பு முறிந்து விடாது. எட்டு வகைப் பலகாரம் இன்றி நோன்பைத் திறந்தாலும் அது நோன்பே.

நோன்பு நோற்கும் தொழிலாளிகளுக்கு நாம் உபதேசிக்கத் தகுதியுடையோமல்லோம். ஆயினும் வைத்தியர்கள் சொல்வதை நினைவூட்டுகிறோம். மாதம் பிறக்குமுன் ஒரு வாரமாகக் காப்பியையும் தேநீரையும் குறைத்து வந்தால் தலைவலி வாராது. இரவில் எண்ணெய்ப் பண்டங்களைக் குறைத்து, தண்ணீரை ஒரே மூச்சிலன்றிச் சிறிது சிறிதாகக் குடிக்க வேண்டும். ஸஹர் உணவை விட்டுவிடலாகாது. நோன்பு திறக்கும் வேளைக்கு வீடு சேர வேண்டுமென்று சாலையில் வேகமாய்ப் பறக்க வேண்டாம். ஒரு பேரீச்சம்பழமும் நீரும் வழியிலேயே போதும். வீட்டிலுள்ளோர்க்கு வேண்டுவது நீங்கள் முழு உடம்போடு வந்து சேர்வதே.

சென்னைத் திருவல்லிக்கேணியில், ஆற்காட்டு நவாபு குடும்பத்தார் 1795-ம் வருஷத்தில் கட்டிய வாலாஜா மசூதி இருக்கிறது. நோன்பு மாதத்தில் மாலைதோறும் அங்கே நூற்றுக்கணக்கானோர் வரிசையாக அமர்ந்து நோன்பு திறக்கிறார்கள். தேசப் பிரிவினையின்போது சிந்து மாகாணத்தை விட்டுச் சென்னைக்கு வந்து குடியேறிய ஹிந்துக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் பல பத்து வருஷங்களாக அவ்வுணவைச் சமைத்துக் கொண்டு வந்து தங்கள் கையால் பரிமாறி வருகிறார்கள். நோன்பு அவர்களுடையதன்று, ஆயினும் நோன்பு திறக்கும் வேளை எதுவென்று தெரிந்து, அதற்குமுன் அவர்கள் வந்து நிற்கிறார்கள்.

நாம் முதலாளிகளிடமும் சர்க்காரிடமும் கேட்பது இதைவிட அதிகமன்று. பக்கத்தில் உழைப்பவனுடைய வேளை எதுவென்று தெரிந்து கொள்ளுங்கள்; அந்த வேளைக்கு அவனை விட்டு விடுங்கள். அவன் நோன்பை அவன் பார்த்துக் கொள்வான். உங்கள் வேலையையும் மறுநாள் காலையில் ஒரு மணி முன்னதாகவே வந்து பார்த்துக் கொடுப்பான்.